இடது காலின் வாக்குமூலம்

அன்று காலை மங்கலம் சாலையில் பனியன் கம்பெனி முதலாளி மாரப்பனின் வெள்ளைக் காரை ஓர் இளநீர்த் தள்ளுவண்டி முந்திச் சென்றது. தள்ளியவர் பந்தயத்துக்கு வந்தவர் அல்லர். பின்னால் நின்று இரண்டு முறை குரல் கொடுத்துப் பார்த்தார். பொறுமை போய், ஓரமாக ஒதுங்கிக் கடந்துவிட்டார். கடக்கும்போது காருக்குள் ஒரு அனுதாபப் பார்வை பார்த்ததாகவும் கேள்வி.

காருக்குள் சத்தத்துக்குக் குறைவில்லை. துப்பறியும் பெருமாள்சாமி ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக அமுக்கியிருந்தார். இன்ஜின் விமானம் கிளம்புவதுபோல் அலறியது. சக்கரங்கள் மட்டும், அந்தத் தகவல் இன்னும் தங்களுக்கு வந்து சேரவில்லை என்பதுபோல் உருண்டன.

“சாருங்க, நான் எறங்கி நடந்து போயி ஒர்க்‌ஷாப்புல டீ சொல்லட்டுங்களா?” என்றார் பக்கத்தில் இருந்த பூங்குழலி. “ஆனா நீங்க வர்றதுக்குள்ள ஆறிப்போயிருமே.”

பெருமாள்சாமி இருபத்தெட்டு வருடம் ஏற்றுமதி கம்பெனிகளில் செக்கிங் மாஸ்டராக இருந்து பனியனில் ஓட்டை தேடியவர். ஓய்வுக்குப் பிறகு அதே கண்ணை மனிதர்கள் பக்கம் திருப்பினார். இது அதைவிடச் சுலபம் என்பது அவர் அனுபவம். மனிதர்களை டியூப் லைட்டுக்கு எதிரே விரித்துப் பிடிக்க வேண்டியதில்லை. உதவியாளர் பூங்குழலி முன்பு மெர்ச்சண்டைசர். “ஷிப்மென்ட் நாளைக்கு” என்று வெளிநாட்டுக்காரர்களிடம் ஏழு வருடம் சொல்லிச் சொல்லி, யார் பொய் சொன்னாலும் முதல் எழுத்திலேயே பிடித்துவிடும் பக்குவம் பெற்றிருந்தார்.

விஷயம் இதுதான். எட்டு மாதத்தில் இந்தக் கார் மூன்று கிளட்ச் பிளேட்டைத் தின்றுவிட்டது. போதாததற்கு, இழுவையும் போய்விட்டது. மீட்டரில் தினமும் ஏழு கிலோமீட்டர் கணக்கில்லாமல் ஏறுகிறது. மாரப்பனின் சந்தேகம் டிரைவர் ராக்கையா மேல்.

“ஒம்பது மணிக்குக் கார ஊட்டு ஷெட்டுல விட்டுப்போட்டு, கம்பெனி வேனை எடுத்துட்டுப் போயிருவானுங்க,” என்று காலையில் வீட்டில் வைத்து மாரப்பன் விளக்கியிருந்தார். “சாவி ஊட்டு ஆணியில தொங்கும். எங்க சம்சாரம் பதினோரு மணிக்குக் கோயிலுக்குப் போனா நாலு மணிக்குத்தானுங்க வருவாங்க. அந்தக் கேப்புலதான் நம்மாளு வந்து வண்டிய எடுக்கறான். என்ற சாம்பிளையெல்லாம் யாருக்கோ கொண்டு போயிக் காட்டறான்னு நெனைக்கறனுங்க.”

“அப்ப நிறுத்திர வேண்டீதுதானுங்களே?” என்று கேட்டார் பெருமாள்சாமி.

“துணி வாங்கற வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு வர்றாங்களே! காரணமில்லாம ஆளை அனுப்பினா ஃபைல்ல என்னத்த வெக்கிறது? நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்துப்போடுங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு லெட்டர் குடுத்தர்றேன்.”

திருப்பூரில் அநியாயம் செய்யவும் காகிதம் வேண்டும் என்ற நிலைமை வந்து சில வருடங்கள் ஆகின்றன. மாரப்பனின் மனைவி தெய்வாத்தாள் அப்போதுதான் காபி கொண்டுவந்து வைத்தார். பேச்சு நின்றது. தொழில் விஷயம் எதையும் வீட்டில் பேசுவதில்லை என்பது மாரப்பனின் கொள்கை. கார் எங்கே போகிறது என்று மட்டும் தெய்வாத்தாள் கேட்டார். சர்வீசுக்கு என்றார் மாரப்பன். தெய்வாத்தாளின் முகம் ஒரு நொடி வாடியதைப் பெருமாள்சாமி கவனிக்கவில்லை. காபி அவ்வளவு நன்றாக இருந்தது.

வெளியே ராக்கையா நின்றிருந்தார். ராமநாதபுரம் பக்கம், பதினோரு வருடமாக மாரப்பனிடம் வேலை. குடியிருப்பது கம்பெனி லைன் வீட்டில். வேலை போனால் வீடும் அன்றைக்கே போகும். மகளுக்குத் திங்கட்கிழமை பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை.

“பகல்ல இந்த வண்டிய எடுத்தது யாருங்க?” என்றார் பெருமாள்சாமி.

“எனக்குத் தெரியாதுங்கய்யா.”

“வேலை போயிருமே?”

“போனாப் போகட்டும்யா.”

அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்.

“சாருங்க, கவனிச்சீங்களா?” என்றார் பூங்குழலி. “மாட்டிக்கிட்ட ஆளு ‘நான் இல்லீங்க’ம்பான். மாட்டாத ஆளு ‘அப்ப யாருங்க?’ம்பான். இவரு ரெண்டும் சொல்லலையே.”

பெருமாள்சாமி அப்போது டேப்பை வைத்து டிரைவர் சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டிருந்தார். “ஓட்டினவன் அஞ்சே முக்கால் அடி,” என்று அறிவித்தார்.

“அது ராக்கையாண்ணன் உக்கார்ற சீட்டுங்க. தினமும் அவருதானே கடைசியா உக்கார்றாரு?”

பெருமாள்சாமி டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் இளநீர் வண்டி முந்தியது.

*

மெக்கானிக் வேல்குமார் காரைத் திறந்தார். முதலில் வந்தது ஏர் ஃபில்டர். தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்ததுபோல் இருந்தது. இன்ஜினுக்குக் காற்று போகும் வழி முழுவதும் பஞ்சு. சாதாரணப் பஞ்சும் இல்லை. கேக் வெட்டியதுபோல் அடுக்கடுக்காக. அடியில் ரோஸ், நடுவில் மஞ்சள், மேலே கிளிப்பச்சை.

“இழுவை ஏன் இல்லைன்னு கேட்டீங்கல்ல?” என்றார் வேல்குமார். “மூக்குல கம்பளியச் சுத்திக்கிட்டு நீங்க ஓடிப் பாருங்க.”

“ஊரெல்லாம்தான் பஞ்சு பறக்குது. எல்லாக் காருக்கும் இப்படி ஆகுதா?”

“ஆகாதுங்க. ஒரு தையல் கம்பெனியோட எக்சாஸ்ட் ஃபேனுக்கு நேர் எதுக்க நிறுத்தி, இன்ஜினையும் ஓட விட்டிருக்காங்க. தினமும். இன்ஜின் ஓடினாத்தான் இது காத்தை உறிஞ்சும். பிளக்குலயும் பாருங்க, நின்ன எடத்துலயே ஓடின கரி.”

“நின்ன வண்டிக்கு இன்ஜின் எதுக்கு?”

“வெயிலுக்குங்க,” என்றார் பூங்குழலி. “ஏசி. மத்தியானச் சோத்தை ஏசியில உக்காந்து சாப்பிட்டிருக்காங்க.”

பெருமாள்சாமி மாரப்பனுக்குப் போன் செய்தார். கம்பெனியில் கிளிப்பச்சை ஓடுகிறதா?

“கி... கிளிப்பச்சையா? நம்மகிட்ட வருசம் பூராம் வெள்ளையும் கறுப்பும்தானுங்க.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பூங்குழலி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். முதல் எழுத்து. பெருமாள்சாமி அதை அலட்சியம் செய்தார். காசு கொடுப்பவர் பொய் சொல்வதைக் கண்டுபிடிப்பது அவர் தொழில் தர்மத்தில் சேராது.

அதற்குள் வேல்குமார் கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்திருந்தார். புதிய பிளேட் கோவையிலிருந்து மறுநாள்தான் வரும். ஃபில்டரை மட்டும் புதிதாகப் போட்டு, பிளேட் பழையதையே மாட்டித் தருகிறேன், மேடு ஏற்றாதீர்கள் என்றார்.

“இதுலதானுங்க எனக்கே குழப்பம். பழகாத ஆளு ஓட்டினா வண்டி குதிக்கும், பிளேட்டு திட்டுத்திட்டாத் தேயும். பழகின டிரைவர் ஓட்டினாத் தேயவே தேயாது. இதப் பாருங்க. ஒரே சீரா, பாலிஷ் போட்டாப்புல எரிஞ்சிருக்குது. பாதிக் கிளட்ச்சுல காலை வெச்சுக்கிட்டு, நடுங்காம ஓட்டியிருக்காங்க. பழகின காலுங்க இது. ஆனா வண்டியில பழகின காலில்லை.”

“பின்னே எதுல பழகுச்சு?”

“அதத்தானுங்க நீங்க துப்பறியோணும்,” என்று சொல்லிவிட்டு வேல்குமார் டீ குடிக்கப் போய்விட்டார்.

*

திருப்பூரில் எந்தக் கம்பெனியில் என்ன நிறம் ஓடுகிறது என்பது அரசாங்கத்துக்குத் தெரியாது. பனியன் வேஸ்ட் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். வெட்டியதுபோக மிஞ்சும் துணியெல்லாம் நிறம் பிரித்து அவர்களிடம்தான் வந்து சேரும். கண்ணம்மாளின் குடோனில் மூட்டைகள் கூரை வரை நின்றன. கண்ணம்மாள் அவற்றின் நடுவே, வானவில்லில் வழி தவறியவரைப்போல் உட்கார்ந்திருந்தார்.

பூங்குழலி நீட்டிய பச்சைப் பஞ்சை வாங்கி விரலில் தேய்த்தார். முகர்ந்தார். நாக்கில் வைத்துப் பார்த்ததாகவும் சொல்வார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

“காட்டன்ல அஞ்சு பர்சன்ட் லைக்ரா. சாயம் நல்ல சாயம். ஊருக்குள்ள இந்த மாசம் கிளிப்பச்ச ஒரே எடத்துல இருந்துதான் அம்மிணி வருது. மங்கலம் ரோட்டுல, ரைஸ் மில்லுக்குப் பின்னால, தகர ஷெட்டு. அடுத்தவிங்க ஆர்டரைத் தெச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க் யூனிட்டு. போன மாசம் மஞ்ச. அதுக்கு முந்தி ரோஸு.”

“மாரப்பன் ஊட்டுல இருந்து எத்தனை தூரமுங்க?”

“மூணரை இருக்கும்.”

போக வர ஏழு. பெருமாள்சாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

பூங்குழலி அவர் மீசையைப் பார்க்கவில்லை. குடோனை ஒட்டிய சின்னத் தையல் கூடத்தை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒருவர் துணியின் விளிம்பைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் பனியனுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தார். வலது கால் மெஷினை ஓட்டியது. அக்குள் வளைவு வந்ததும் இடது கால் பக்கத்துப் பெடலை மெல்ல அமுக்கியது, துணியைப் பிடித்திருந்த இரும்புப் பாதம் தூக்கிக்கொண்டது, துணி திரும்பியது. இடது கால் முழுசாக மேலே வரவில்லை. பெடலின் மேலேயே, அடுத்த வளைவுக்காகக் காத்திருந்தது.

“சாருங்க, அந்தக் காலு!”

“எந்தக் காலு?”

“வலது காலு ஓட்டுது. வளைவு வந்தா இடது காலு அமுக்குது. இந்தப் பழக்கத்தோட ஒரு ஆளைக் கார்ல உக்கார வெச்சா என்ன ஆகும்? ரோடு வளையறப்பெல்லாம் கிளட்ச்சை அமுக்குவாங்க. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலையும் எடுக்க மாட்டாங்க. மங்கலம் ரோட்டுல எத்தனை வளைவு!”

பெருமாள்சாமி அந்தக் கண்டுபிடிப்பை உடனே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு மாரப்பனுக்குப் போன் செய்தார். “வண்டிய ஓட்டினது ஒரு ஓவர்லாக் டெய்லருங்க!”

மறுமுனையில் மாரப்பன் சந்தோஷத்தில் கத்தினார். “அட! ராக்கையா சம்சாரமே ஓவர்லாக் டெய்லர்தானுங்களே! புருசனும் பொண்டாட்டியும் சேந்துதான் இத்தனையும் பண்ணியிருக்கறாங்க. கேஸ் முடிஞ்சுதுங்க! லெட்டர் டைப் அடிக்கச் சொல்லிட்டேன். அஞ்சே முக்காலுக்கு ரிப்போர்ட்டோட வந்துருங்கோ.”

போன் வைக்கப்பட்டது. பூங்குழலி கைதட்டினார், மெதுவாக, மூன்று முறை.

“நல்லாக் கண்டுபிடிச்சீங்க சாருங்க. இன்னும் கொஞ்சம் கண்டுபிடிச்சிருந்தா அவரைத் தூக்குலயே போட்டிருப்பாங்க.”

பெருமாள்சாமி சிறிது நேரம் ஒரு ரோஸ் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டை உள்ள பனியனைப் பாஸ் செய்துவிட்ட முகம். பிறகு பூங்குழலி பக்கம் திரும்பினார்.

“அம்மிணி, டெய்லர் வேலை செய்யற பொம்பளை மத்தியானம் எங்க சாப்பிடும்?”

“மெஷினுக்குப் பக்கத்துலயே, நாலு பேரோட.”

“கார்ல ஏசி போட்டுத் தனியாச் சாப்பிடுமா? அதுவும் புருசன் வேலைக்கு ஒல வெச்சுக்கிட்டு?”

“சாப்பிடாதுங்க. மூஞ்சியக் காட்டக் கூடாத ஆளுதான் தனியாச் சாப்பிடும்.”

“வண்டிய எடு.”

*

தகர ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. பெருமாள்சாமி வாசலில் சொல்வதற்கு ஒரு பொய் தயாரித்து வைத்திருந்தார். தேவைப்படவில்லை. காரைக் கண்டதும் வாட்ச்மேன் தானாகவே கேட்டைத் திறந்தார். எக்சாஸ்ட் ஃபேனுக்கு எதிரே வழக்கமான இடத்தையும் கைகாட்டினார்.

“வண்டி சரியாயிடுச்சுங்களா? சரசக்கா பாவம், இன்னைக்கு ஆட்டோவுல வந்துச்சு. உள்ள மூணாவது மெஷினுங்க.”

“பாத்தீங்களா, நாம தேடினதைக் காரே கண்டுபிடிச்சிருச்சு,” என்றார் பூங்குழலி. “காலையிலயே இதையே கேட்டிருக்கலாம்.”

உள்ளே கிளிப்பச்சைப் பனியன்கள் மலையாகக் கிடந்தன. மூன்றாவது மெஷினில் பஞ்சுக்காக மூக்குவரை கைக்குட்டை கட்டிய ஒரு பெண். பெருமாள்சாமி அருகில் போய்த் தொண்டையைக் கனைத்தார். மெஷின் நிற்கவில்லை.

“இந்தப் பீசு முடிஞ்சுருட்டும்,” என்றது கைக்குட்டை.

வளைவு வந்தது. இடது கால் அமுங்கியது. துணி திரும்பியது. நூல் அறுந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். கைக்குட்டையைக் கீழே இறக்கினார்.

காலையில் அவ்வளவு நல்ல காபி கொடுத்த தெய்வாத்தாள். இங்கே மட்டும் சரசக்கா.

பூங்குழலிதான் முதலில் பேசினார். “பன்னெண்டரைக்கு நடை சாத்தற கோயில்ல நாலு மணி வரைக்கும் எந்தச் சாமி கும்பிடறாங்கன்னு காலையிலயே நெனச்சேன்.”

“ஏன் சொல்லலை?” என்று சீறினார் பெருமாள்சாமி.

“நீங்க சீட்டை அளந்துட்டிருந்தீங்களே.”

தெய்வாத்தாள் சிரிக்கவில்லை. “அவருகிட்டச் சொல்லப் போறீங்களா? நாலு மெசினோட ஆரம்பிச்சமுங்க. அவரு வெட்டுவாரு, நான் தெப்பேன். இப்ப முன்னூறு மெசினு. மொதலாளி சம்சாரம் மெசின்ல உக்காந்தா மரியாதை இல்லைன்னு ஊட்டுல உக்கார வெச்சுட்டாருங்க. மெசின்ல பத்து மணி நேரம் உக்காந்தப்ப முதுகு வலிச்சதில்லை. சோபாவுல ஒரு வருசம் உக்காந்தேன், டாக்டருகிட்டப் போயாச்சு.”

“காரு ஓட்ட யாருங்க சொல்லிக் குடுத்தது?”

“ராக்கையாதான். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.”

“அந்தச் சத்தியத்தாலதான் இன்னைக்கு ஆறு மணிக்கு அவரை வேலைய விட்டு அனுப்பறாங்க. ஊட்டையும் காலி பண்ணோணும்.”

தெய்வாத்தாள் எழுந்தார். எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. “ராக்கையா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, அந்த மனுசன்! பிள்ளைக்குப் பரிச்சைன்னு நேத்துக்கூடச் சொன்னாருங்களே!” கைக்குட்டையை அவிழ்த்துப் பையில் திணித்தார். “சாவியக் குடுங்க.”

“நாங்க போயிச் சொல்றமுங்க.”

“நீங்க சொன்னா ரிப்போர்ட்டு. நான் போனாத்தான் பதிலு.” இரண்டடி வைத்தவர் திரும்பி, தைத்த பனியன் ஒன்றை எடுத்துப் பெருமாள்சாமி கையில் கொடுத்தார். “கழுத்து லேபிளப் பாருங்க.”

பார்த்தார். வெளிநாட்டுப் பையர் மாரப்பன் கம்பெனிக்குக் கொடுத்த ஆர்டரின் லேபிள். எல்லாத் துணியையும் சொந்தக் கூரைக்குக் கீழேயே தைப்பேன், வெளியே ஒரு பீஸ்கூடக் கொடுக்கமாட்டேன் என்று மாரப்பன் கையெழுத்துப் போட்டிருந்த ஆர்டர். தெய்வாத்தாள் ஒளிந்து வந்து தைத்ததெல்லாம், அவர் கணவர் ஒளித்துக் கொடுத்த துணி.

*

தெய்வாத்தாள் ஓட்டினார். நடுக்கமில்லாமல் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் இடது கால் அமுங்கியது, இன்ஜின் அலறியது, கருகல் நாற்றம் வந்தது. புது ஃபில்டரின் புண்ணியத்தில் இன்ஜின் முன்னைவிட நன்றாகவே அலறியது.

“இழுவை வந்துருச்சுங்க,” என்றார் பூங்குழலி ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு. “கிளட்ச்தான் சொர்க்கத்துக்குப் போகுது.”

கம்பெனி கேட்டுக்கு முன் ஒரு சிறிய மேடு உண்டு. வேல்குமார் ஏற்றாதே என்றது அந்த மாதிரி மேட்டைத்தான். பாதி மேட்டில் கிளட்ச் உயிரைவிட்டது. புகை எழுந்தது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த இருநூறு பேர் நின்று பார்த்தார்கள். புகைக்குள்ளிருந்து முதலாளியம்மா இறங்கி வந்தார்.

கேட்டுக்கு உள்ளே மாரப்பன், ஆறு மணி ஆகும்வரை பொறுக்காமல், கையில் லெட்டரோடு நின்றிருந்தார். எதிரே ராக்கையா, கழற்றிய அடையாள அட்டையைக் கையில் பிடித்திருந்தார்.

“தெய்வா... வண்டி... நீயா ஓட்டிட்டு வந்தே?”

“எட்டு மாசமா நான்தானுங்க ஓட்டறேன். மூணு கிளட்ச்சும் என்ற காலுதான். அவரு மேல ஒரு தப்புமில்லை.”

“எங்க போன?”

தெய்வாத்தாள் பெருமாள்சாமியைப் பார்த்தார். பெருமாள்சாமி பேனாவின் மூடியைத் திறந்தார். இன்னொரு கையில் கிளிப்பச்சைப் பனியன், லேபிள் வெளியே தெரிய.

“போன எடத்தை ரிப்போர்ட்டுல எழுதட்டுங்களா? பையர் படிப்பாரு. எந்த ஷெட்டு, யாரோட ஆர்டருன்னு வெவரமா எழுதிப்போடறேன்.”

மாரப்பன் பனியனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இருநூறு பேரைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் ஒரு அடி நெருங்கி, குரலைத் தணித்துக் கேட்டார்: “அங்க நம்ம பீசு எப்படிப் போகுது?”

“மூணாவது மெசின்ல நல்லாப் போகுதுங்க. மத்ததுல தையல் விட்டுப்போகுது. நாலு நாளா நான்தான் பிரிச்சுத் தெச்சுட்டிருக்கேன்.”

மாரப்பன் லெட்டரை நான்காக மடித்தார். சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். தெய்வாத்தாள் கையை நீட்டிக்கொண்டே நின்றார். கொடுத்துவிட்டார்.

“நாளையில இருந்து நம்ம தையல் லைன்லயே ஒரு மெசினு போடுங்க எனக்கு,” என்றார் தெய்வாத்தாள் லெட்டரைக் கிழித்தபடி. “ராக்கையா, உங்களுக்கு அந்தச் சத்தியமெல்லாம் இனி வேண்டாம். கார்டை மாட்டுங்க.”

ராக்கையா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“ரிப்போர்ட்டுல என்னதாங்க எழுதறது?” என்று மாரப்பன் தீனமாகக் கேட்டார்.

“‘ஏர் ஃபில்டரில் பஞ்சு, கிளட்ச்சில் தேய்மானம், மனிதர் எவரும் சம்பந்தப்படவில்லை,’” என்று பூங்குழலி சொல்லச் சொல்லப் பெருமாள்சாமி எழுதினார்.

ராக்கையா கூட்டத்தைவிட்டு விலகி, காம்பவுண்டு சுவர் ஓரமாகப் போய்ப் போனை எடுத்தார்.

“ஆத்தா... அப்பாதான். கட்டுன மூட்டையெல்லாம் பிரிச்சிரு. இல்லத்தா, நாம எங்கயும் போகல. பாத்திரமெல்லாம் அம்மா வந்து எடுத்து வச்சுக்கிரும். நீ மொதல்ல புஸ்தக மூட்டையப் பிரி.”